ஆடாமல் அசையாமல் ஒரு நாய்க்குட்டி

நாய்களுக்கு முடி வாரிக் குளிப்பாட்டும் பார்லரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. எங்கள் பன்னு மேசைமேல் நிற்கிறது. கழுத்தில் ஒரு வளையம். அதன் மறுமுனை மேலே கம்பியில் மாட்டியிருக்கிறது. பையன் ஒருவன் தலையிலிருந்து வால்வரை பிரஷ் போட்டுக்கொண்டே போகிறான். பன்னு அசையவே இல்லை. வீட்டில் சீப்பை எடுத்த சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் பதுங்குகிற, இழுத்து மடியில் வைத்தால் நாலு காலாலும் உதைத்து, உடம்பை முறுக்கி, கடைசியில் சீப்பையே கவ்விக்கொண்டு ஓடுகிற அதே பன்னுதான். வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டேன். அக்கா இதயம் அனுப்பினாள். சித்தி, "காசு குடுத்தா எல்லாம் நடக்குது பாரு" என்று எழுதினாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பிடிக்கிறவன் பிடிச்சா நிக்கும். உனக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்று முடித்துவிட்டாள்.

எனக்கு மட்டும் அந்த வீடியோ உறுத்திக்கொண்டே இருந்தது. பன்னுவுக்கு எப்போதும் வால் முதுகின்மேல் சுருண்டு கிடக்கும். வீடியோவில் அது தொங்கியிருந்தது. காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன. எதிரில் சாப்பாடு எதுவும் இல்லை, ஆனாலும் நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போனது, மறுபடி வந்தது. முகத்தைப் பிரஷுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து பார்த்ததில் வெள்ளை விழி தெரிந்தது. நாய்களின் இந்த மாதிரிச் சைகைகளைப் பற்றி நார்வேக்காரரான டூரிட் ருகாஸ் என்ற பயிற்சியாளர் நிறையச் சொல்லியிருக்கிறார்: உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. சில சேர்ந்து வந்தால் நாய் சங்கடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். பார்லர்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிக்கவில்லை, அதட்டவில்லை, முடியை அழகாக வாரி அனுப்பினார்கள். கழுத்து வளையம் அந்தத் தொழிலில் எங்கும் புழங்குவதுதான். குட்டி மேசையிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொள்ளக் கூடாதே. ஆனால் அது அசையாமல் நின்றதை எல்லோரும் கொண்டாடியபோது என்னால் அதில் சேர முடியவில்லை.

வாராமல் விட்டால் என்ன?

இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி எங்கள் வீட்டில் தினமும் எழும். கேட்பவள் அம்மா. அவள் ராஜபாளையம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவின் தோட்டத்தைக் காத்தது ராஜபாளையம் நாய்தான். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. 2005-இல் அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. அம்மாவுக்கு இன்றுவரை அது சொந்தக்காரர் ஒருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்த கதை. "அதுக்கு எவன்டி சீப்பு போட்டான்? கம்மாயில விழுந்து எந்திரிச்சு வரும், ஒரு உதறு உதறும், அம்புட்டுதான்" என்பாள்.

அவள் சொல்வது அந்த நாய்க்குச் சரி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாமே உடம்போடு ஒட்டிய குட்டை முடிக்காரர்கள். ஈரத் துணியால் துடைத்தாலே பளபளவென்று ஆகிவிடுவார்கள். பன்னு வேறு ஜாதி. எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் பொமேரியன் என்றே சொல்கிறோம். 80களிலும் 90களிலும் மதுரையில் மாடி வீடு என்று ஒன்றிருந்தால் அதன் வாசல் கேட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பொமேரியன் குரைத்துக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். இந்த இனத்துக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. அடியில் தோலை ஒட்டி அடர்ந்த மென்முடி. குட்டியாக இருக்கும்போது உடம்பு முழுக்க மென்மையாக ஒரே மாதிரி இருக்கும். நாலைந்து மாதத்திலிருந்து குட்டி முடி உதிரத் தொடங்கி, பெரிய நாயின் முடி மெல்ல மெல்ல வருகிறது. பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிக்கு விழுவது இந்தச் சமயத்தில்தான் அதிகம். அதே சமயத்தில்தான் பல்லும் விழுந்து முளைக்கிறது, ஈறு நமநமக்கிறது, எதைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றுகிறது. கடவுள் இந்த இரண்டு வேலையையும் ஒரே மாதத்தில் ஒப்படைத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சிக்கு வெறும் அழகுப் பிரச்சினை கிடையாது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், தொடையின் பின்புறம், ஹார்னஸ் என்கிற மார்புப் பட்டை உராயும் இடத்தில் என்று குறிப்பிட்ட சில இடங்களில்தான் விழும். விழுந்த முடிச்சு நாய் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுக்கும். நாய்த் தோல் நம் தோலைவிட மெல்லியது. அடியில் காற்றுப் போகாமல் ஈரம் தங்கினால் புண்ணாகும். சிக்கோடு குளிப்பாட்டினால் இன்னும் மோசம். தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் முடிச்சு கல்லாக இறுகிவிடும். அதனால் வாரிவிட்டுத்தான் குளிப்பாட்ட வேண்டும். அம்மா ஒருநாள் சிக்கில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள். முடிச்சு கொஞ்சம் இளகியது, உண்மை. ஆனால் மாலைக்குள் தெருப்புழுதி முழுவதும் அந்த இடத்துக்கு வந்து குடியேறிவிட்டது.

இன்னொரு யோசனை எதிர்வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால், "பாவம், மொட்டை அடிச்சு விட்ருங்க. வாரவும் வேண்டாம், வெயிலுக்கும் நல்லது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில் மட்டும். மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. உதிர்ந்த அடிமுடியை வாரி எடுத்துவிட்டால் இடையில் காற்று புகும். ஆக, கோடையில் இதற்கு உதவுவது சீப்புதான், கத்தரி இல்லை. அதோடு ஸ்பிட்ஸ், பொமேரியன், ஹஸ்கி போன்றவற்றை ஒட்ட மழித்துவிட்டால் சிலவற்றுக்கு முடி மாதக்கணக்கில் திரும்ப வளர்வதில்லை, வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வரும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு நாய் உண்டு. அதைக் காட்டியதும் எதிர்வீட்டுக்காரர் பேச்சை விட்டுவிட்டார்.

முட்டிக்கு நடுவில்

சரி, வாரித்தான் ஆக வேண்டும். எப்படி என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் வழக்கு. அவள் கட்சி எளிமையானது: கெட்டியாகப் பிடி, சீக்கிரம் முடி, விடு. கொஞ்ச நாளில் பழகிவிடும். இதை லேசாகத் தள்ளிவிட என்னால் முடியாது, ஏனென்றால் அதற்கு நானே சாட்சி. பள்ளிக்கூட நாட்களில் காலையில் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருப்பாள், அவள் முட்டிக்கு நடுவில் நான். உச்சியில் எண்ணெய் வைத்து, நேர்வகிடு எடுத்து, ரெட்டைச் சடை பின்னி மடித்து, ரிப்பன் கட்டி அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை பேன் சீப்பு. நெளிந்தால் முட்டி இறுகும். ரொம்ப ஆடினால் சீப்பின் முதுகால் மண்டையில் ஒரு தட்டு. "உன்னை இப்படித்தான வளத்தேன், நீ என்ன கெட்டா போயிட்ட?" என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால் அந்த முட்டிகளின் ஞாபகம் எனக்குப் பிடித்தமான ஒன்று.

யோசிக்க யோசிக்க எனக்கும் பன்னுவுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டது. இரண்டாவது ரிப்பன் கட்டியதும் விட்டுவிடுவாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கு நேரமாகிறது, பேன் இருந்தால் டீச்சர் ஏசுவார், சடை அவிழ்ந்திருந்தால் வெளியே நிற்கவேண்டும் என்று காரணமெல்லாம் தெரியும். "ஆ, வலிக்குதும்மா" என்றால் சிக்குக்கு மேலே முடியின் அடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, அந்த இழுப்பு மண்டைக்கு வராமல் மறுகையால் நுனியிலிருந்து பிரிப்பாள். குட்டிக்கு முடிவும் தெரியாது, காரணமும் தெரியாது. அதன் "ஆ வலிக்குது" என்பது நெளிவதும் கவ்வுவதும்தான். அதையும் அமுக்கிவிட்டால் சொல்ல வேறு வழி இல்லை.

வழியில்லாதபோது என்ன ஆகும் என்பதற்குப் பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு, அதுவும் நாய்களை வைத்துச் செய்தது. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு அவற்றை ஒரு தாழ்ந்த தடுப்பு மட்டும் உள்ள பெட்டியில் விட்டார்கள். தாண்டினால் தப்பிக்கலாம். பெரும்பாலானவை தாண்டவில்லை, படுத்துக்கொண்டன. கொடுமையான சோதனை, இன்று அனுமதிக்க மாட்டார்கள். பார்லர் பிரஷை மின்னதிர்ச்சியோடு ஒப்பிடும் அளவுக்கு நான் மிகைப்படுத்தவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கதையின் பின்பகுதி. 2016-இல் அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள். நீடித்த துன்பத்தின் முன்னால் சோர்ந்து அடங்குவது மூளையின் இயல்பான முதல் எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. இதை என்னால் நிறுத்த முடியும் என்பதைத்தான் உயிர் அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது என்றார்கள். படித்ததும் மேசையில் நின்ற பன்னுதான் கண்முன் வந்தது. அம்மா சொன்ன "பழகிவிடும்" என்பதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, பயம் போவது. இன்னொன்று, பயம் இருந்தும் அடங்குவது. வீடியோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வாலைப் பார்க்காவிட்டால்.

கோழியைக் கண்டு ஓடிய நாய்

எங்கள் வீட்டில் திருப்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குக்கர் விசிலில்.

அதற்கு முன்கதை ஒன்று சொல்ல வேண்டும். பன்னு தயிர்சோற்றை விட்டுக்கொடுக்கும், பிஸ்கட்டை விட்டுக்கொடுக்கும், வேகவைத்த கோழிக்காக மட்டும் எதையும் செய்யும். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேர்க்காமல் தனியாக வேகவைத்துப் பிய்த்து வைத்த நெஞ்சுக்கறி. வாரும் நேரத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், நாங்களும் செய்தோம். மகன் கிண்ணத்தோடு கூடத்தில் உட்கார்ந்து பன்னுவைக் கூப்பிடுவான். அது பாய்ந்து வரும். இரண்டு துண்டு தின்று முடிப்பதற்குள் நான் பின்னாலிருந்து சீப்பை எடுப்பேன். முதலில் அருமையாக வேலை செய்தது. அப்புறம் பன்னு நிலைப்படியிலேயே நின்று யோசிக்கத் தொடங்கியது. அப்புறம் கிண்ணச் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் எங்களுக்காகக் கோழி வெந்துகொண்டிருந்தபோது, வாசனை கூடத்துக்கு வந்ததும் பன்னு எழுந்து மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. உயிரையே கொடுக்கும் கோழிக்கு. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாய் சைவத்துக்கு மாறிருச்சு" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தடுப்பூசிக்காக மாட்டாஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். வரிசையில் ஆடுகளும் கோழிக்கூடைகளும் காத்திருக்க, அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்: "எது முதல்ல வருது? கோழியா, சீப்பா?" கோழி என்றேன். "அப்ப கோழிதான் மணி" என்றார். அவ்வளவுதான். அடுத்து நின்றவரின் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பாவ்லோவின் நாயைப் பள்ளியில் படிக்காதவர் யார்? செரிமானத்தைப் பற்றி ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்யர். அந்த ஆராய்ச்சியின் போக்கில்தான் நாய்க்கு எச்சில் ஊறும் விஷயத்தைக் கவனித்தார். மணி அடித்த பின் சாப்பாடு வந்தால், மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. ஆனால் அந்த வரிசைதான் எல்லாமே என்பது உறைக்க டாக்டரம்மாவின் ஒற்றைக் கேள்வி தேவைப்பட்டது. முன்னால் வருவது, பின்னால் வரப்போவதற்குக் கட்டியம் கூறுகிறது. சீப்பு முன்னால் வந்து கோழி பின்னால் வந்தால், சீப்பு நல்ல சேதி. கோழி முன்னால் வந்து சீப்பு பின்னால் வந்தால், கோழி கெட்ட சேதி. எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. பன்னு கணக்கைச் சரியாகவே போட்டிருந்தது. தின்பண்டத்தைக் காட்டி ஏமாற்றிப் பிடிப்பது என்று நம் ஊரில் குழந்தைக்கு மருந்து புகட்டுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். சங்கில் மருந்தைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும் குழந்தை, கொஞ்ச நாளில் சர்க்கரை டப்பாவைக் கண்டும் மூடிக்கொள்வது ஏன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மறுநாளிலிருந்து வரிசையை மாற்றினோம். இடத்தையும் மாற்றினோம். எங்கள் கூடம் மொசைக் தரை. அதில் குட்டிக்குக் கால் வழுக்கும். வழுக்கும் தரையில் நிற்கும் நாய் சீப்போடு மட்டும் சண்டை போடுவதில்லை, தரையோடும் போடுகிறது. நெளிவில் பாதி அதனால்தான். பழைய அரிசிச் சாக்கு ஒன்றை மடித்துப் பின்கட்டில் போட்டேன். கோழி கண்ணில் படாமல் என் பின்னால். சாக்கின்மேல் சீப்பை வைப்பேன். பன்னு பார்த்ததும் கோழி. சீப்பை எடுத்து மறைத்ததும் கோழி நின்றுவிடும். வேறெதுவும் இல்லை. முதல் நாட்களில் வாரவே இல்லை. அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "சீப்பைக் காட்டிக் காட்டிச் சோறு ஊட்டுறா. இவ வீட்டு நாய்க்கு நிலா கூடக் கேக்காது போல" என்று பூக்காரம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். ஆனால் சீப்பைப் பார்த்ததும் பன்னு ஓடாமல், திரும்பி என் முகத்தைப் பார்த்த தினம் அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சீப்பின் முதுகால் தோளில் ஒரு தொடல், கோழி. பல்பக்கத்தால் ஒரே ஒரு வாரல், கோழி. முதுகுதான் முதலில். காது, இடுக்கு, தொடை எல்லாம் வெகு பின்னால்.

சீப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. கடையில் ஸ்பிட்ஸ் என்றதும் எடுத்துக் கொடுத்தது, வளைந்த கம்பிப் பற்கள் நெருக்கமாக இருக்கும் ஸ்லிக்கர் பிரஷ். அதை என் முழங்கையின் உட்புறத்தில், பன்னுவுக்குப் போடும் அதே வேகத்தில் இழுத்துப் பார்த்தேன். சிவந்து கோடு விழுந்தது. நீங்களும் வாங்குவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் பரவாயில்லை. ஸ்லிக்கர் கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். பழகிய கை, தோலில் படாமல் முடியில் மட்டும் ஓட்டத் தெரிந்த கை வேண்டும். குட்டிக்கு இப்போது முனை உருண்ட பற்கள் உள்ள பிரஷும், அகலப் பல் எவர்சில்வர் சீப்பும் போதுமாக இருக்கிறது. மேலோட்டமாக வாரினால் வெளியே பளபளக்கும், அடியில் சிக்கு அப்படியே கிடக்கும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோலில் ஒரு கோடு தெரிவதுபோல் வகிடெடுத்து, அந்த வரிசையை மட்டும் வாரி, அடுத்த வகிடு. அம்மாவுக்கு இது சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பேன் பார்ப்பது இப்படித்தானே.

எழுந்து போனால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் எனக்கே கடினமாக இருந்தது. பாதி வாரியிருக்கும்போது பன்னு எழுந்து நடக்கும். கை தானாகப் பின்னங்காலைப் பிடிக்கப் போகும். பிடிக்காமல் சீப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். துளசி மாடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பன்னு திரும்ப வரும், சில நாள் வராது. வராத நாளில் அவ்வளவுதான். சிராக் பட்டேல் என்ற பிரிட்டன் பயிற்சியாளர் இதையே ஒரு விளையாட்டாக வடித்திருக்கிறார்: தின்பண்டம் உள்ள சின்ன வாளியை நாய் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கும், பார்வையைத் திருப்பினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சீப்பு நல்ல சேதியாக ஆனபிறகு நாங்கள் இதையும் செய்தோம், வாளிக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். மகன்தான் நடுவர். பன்னு பார்வையைத் திருப்பியதும் "அவுட்!" என்று கத்துவான், நான் கையை எடுக்க வேண்டும். தான் திரும்பினால் மனுஷி நிறுத்துகிறாள் என்பதைப் பன்னு கண்டுபிடித்தபோது, வேண்டுமென்றே திரும்பித் திரும்பிப் பார்த்துச் சோதித்தது. ஒரு வாரம் வாரிய முடியைவிட நிறுத்திய நிறுத்தங்கள்தான் அதிகம். அதன் பிறகு திரும்புவது குறைந்துவிட்டது.

கேட்டுக்கொண்டிருக்க முடியாத நேரம்

இதோடு கதையை முடித்தால் அம்மா தோற்ற மாதிரி ஆகிவிடும். தோற்கவில்லை. மழை விட்ட ஒரு வாரத்தில், காதுமடலின் உட்புறம் வாரும்போது விரலில் ஒரு பருக்கை மாதிரிப் பட்டது. உண்ணி. புரட்டிப் பார்த்தால் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் கால்விரல் இடுக்கிலும் இருந்தன. நம் ஊர் நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பல்கிப் பெருகும் ரகம். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி உதிர்ந்து, சுவர் இடுக்கில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன்வழி வரும் உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை நிறுத்தும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், மூக்கில் ரத்தம் வரும், கவனிக்காவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும். இதில் டம்ளரை வைத்துக்கொண்டு பன்னுவின் அனுமதிக்காகக் காத்திருக்க முடியாது. அன்பாக நடத்துவது பற்றிப் பேசுகிற சிலர், நாய் மறுத்தால் எதையுமே செய்யக் கூடாது என்ற அளவுக்குப் போகிறார்கள். அவர்கள் ஊரில் உண்ணி குறைவாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு அம்மாவின் முறைதான். பழைய துண்டில் பன்னுவைச் சுற்றி, துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். பிடி கெட்டி, ஆனால் எங்கும் நசுங்கவில்லை. குட்டி உதறியபோது கை அதோடு கூடவே போய்த் திரும்பி வந்தது. எனக்கு அந்தக் கை வராது. நான் இடுக்கியால் தோலை ஒட்டி, தலையோடு பற்றி, முறுக்காமல் நேராக இழுத்தேன். எடுத்ததையெல்லாம் கொட்டாங்குச்சியில் ஊற்றியிருந்த மண்ணெண்ணெயில் போட்டோம். நகத்தால் நசுக்காமலிருக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. உண்ணி மருந்தும் அவர் எழுதிக் கொடுத்ததுதான். எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், பெரிய நாய் மருந்தைப் பாதியாக்கிக் குட்டிக்குப் போடும் வேலை வேண்டாம். இதை அரிசிச் சாக்கின்மேல் செய்யவில்லை என்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அந்தச் சாக்கு, அந்தச் சீப்பு, அந்த டம்ளர் எதையும் பன்னு கண்ணில் காட்டவில்லை. கட்டாயம் செய்ய வேண்டிய வேலைக்கு வேறு இடம், வேறு துண்டு, வேறு ஆள். அடுத்த நாள் சாக்கை விரித்தபோது வந்தது. கொஞ்சம் தயங்கி, வாலைப் பாதி இறக்கிக்கொண்டு வந்தது. ஆனால் வந்தது. துவைக்கிற கல் பக்கம் மட்டும் இன்னும் போவதில்லை.

குட்டி வளர்ப்பவர்கள் அவசரப்பட ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட்டும் புல்லரும் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்துச் சொன்னதன்படி, ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி எதையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். அதன்பின் புதியது எதைக் கண்டாலும் சந்தேகம் முந்திக்கொள்ளும். பன்னு எங்களிடம் வந்தபோதே அந்தக் காலத்தின் கடைசிப் பகுதி. 2017-இல் வந்த நாய் விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. அப்படி விற்பவர்களிடம் வாங்காதீர்கள். ஆனால் தாயோடு இருக்கும் அந்த எட்டு வாரத்தில் வளர்ப்பவர் குட்டியின் பாதத்தை, காதை, வாயைத் தினம் தொட்டுப் பழக்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். விலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பார்லருக்கு இப்போது குளிப்பாட்டி உலர்த்துவதற்கு மட்டும் போகிறோம். வீட்டிலேயே வாரிவிட்டுக் கொண்டுபோவதால் மேசையில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் நிற்க அனுமதி கேட்டேன். முதல் இடத்தில் மறுத்துவிட்டார்கள், நாயின் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் அது இன்னும் துள்ளும் என்றார்கள். சில நாய்களுக்கு அது உண்மைதான். இப்போது போகும் இடத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். முதுகு, வயிறு, காது எல்லாம் சாக்கின்மேல் நடக்கிறது. தொடையின் பின்புற முடியைத் தொட மட்டும் பன்னு இன்றுவரை சம்மதிக்கவில்லை. தோலை ஒட்டி ஒரு சீப்பைச் செருகி வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே இருப்பதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுகிறேன். சீப்பு இல்லாமல் நறுக்கினால் சிக்கோடு தோலும் வந்துவிடும், ஜாக்கிரதை. அந்தப் பகுதி பார்க்கக் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. நகம் வெட்டுவது பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு அம்மாதான் பிடிக்கிறாள், மாட்டாஸ்பத்திரியில்.